கம்பம் பள்ளத்தாக்கு நாட்டார் இசையும் கிட்டாரும்

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் வயலிலும் சடங்கிலும் வெறும் குரலால் பாடப்பட்டு வந்த மெட்டுகள், 1950களில் அரசியல் மேடை ஏறின. 1970களில் கிட்டாரோடு இணைந்து திரையிசையாகத் தமிழகம் முழுவதும் பரவின. இந்த மாற்றத்தின் நடுவில் நின்றது பண்ணைப்புரத்துப் பாவலர் சகோதரர்கள் குழு. ஏறத்தாழ இதே காலத்தில் பிரிட்டனின் நாட்டார் பாடல்களும் தொழிலாளர் மேடை, கிட்டார், இரவுக் கச்சேரி என்ற வழியில் புத்துயிர் பெற்றன. ஒன்றையொன்று அறியாமலே நடந்த இவ்விரு வரலாறுகளையும் சேர்த்துப் பார்க்கும்போது இரண்டும் தெளிவாகின்றன.

நிலமும் பாட்டும்

கேரள எல்லை மலைகளுக்கும் மேகமலைக்கும் இடையே நீண்டு கிடப்பது கம்பம் பள்ளத்தாக்கு. மேகமலை அடிவாரத்தில், சண்முகா நதி அணைக்கு அருகே இருக்கிறது ராயப்பன்பட்டி. திராட்சைத் தோட்டங்களும் பனிமய மாதா ஆலயமும் அதன் அடையாளங்கள். எதிர்ப்புறம், மேற்கு மலையடிவாரத்தில் இருக்கிறது பண்ணைப்புரம். இரண்டும் உத்தமபாளையம் வட்டத்து ஊர்கள்.

1895இல் பொறியாளர் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இப்பள்ளத்தாக்கில் இறங்குகிறது. அந்த நீரை நம்பி 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. நடவு, களையெடுப்பு, அறுப்பு ஒவ்வொன்றுக்கும் தனிப் பாட்டு உண்டு. தொட்டிலுக்குத் தாலாட்டு, இழவு வீட்டுக்கு ஒப்பாரி, முளைப்பாரிக்குக் கும்மி, வண்டிப் பாதைக்குத் தெம்மாங்கு என்று வாழ்வின் ஒவ்வொரு கட்டமும் பாட்டோடுதான் நகர்ந்தது. வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழா போன்ற கோயில் விழாக்களில் உறுமியும் தவிலும் நாகசுரமும் முழங்கின. வயல் பாட்டுக்கோ கருவி கிடையாது. ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். நாற்று ஊன்றும் கையின் வேகமே தாளம்.

குமுளி வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் ஏலத் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் வேலைக்குப் போனவர்கள் இப்பாட்டுகளையும் மலைமேல் கொண்டு போனார்கள். பின்னாளில் பாவலர் மேடைக்கு அங்கே கூட்டம் சேர்ந்ததற்கு இது ஒரு காரணம்.

தொகுத்தவர்கள்

தென்னிந்திய நாட்டார் பாடல்களை நூலாக்கிய தொடக்க முயற்சிகளில் ஒன்று சார்லஸ் கோவருடையது; அவரது ஆங்கில நூல் 1871இல் வந்தது. பின்னர் ஐ.சி.எஸ். அதிகாரியான பெர்சி மாக்வீன் தமிழ் நாடோடிப் பாடல்களைத் தேடிச் சேர்த்தார். அத்தொகுப்பைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1958இல் ‘மலையருவி’ என்ற பெயரில் வெளியிட்டது. பொதுவுடைமையாளரான நா. வானமாமலை 1960களில் வெளியிட்ட தொகுப்புகள், உழைப்போரின் வரலாற்றை அவர்கள் பாட்டிலிருந்தே படிக்க முடியும் என்று காட்டின.

இங்கிலாந்தில் இப்பணியைப் பெரிய அளவில் செய்தவர் செசில் ஷார்ப். 1903இல் சாமர்செட் பகுதியின் ஹாம்பிரிட்ஜ் என்ற சிற்றூரில், ஜான் இங்கிலாந்து என்ற தோட்டக்காரர் பாடியதைக் கேட்டு அவர் எழுதிக்கொண்ட பாட்டே அவரது தொகுப்புப் பணியின் தொடக்கம். அங்கும் கிராமத்து மனிதர்கள் பெரும்பாலும் பக்கவாத்தியம் இல்லாமலே பாடினார்கள். ஏட்டில் ஏறிய பாட்டு மறுபடி மேடையில் ஒலிக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

பாவலர் மேடை

பண்ணைப்புரம் ராமசாமியின் மூத்த மகன் பாவலர் வரதராஜன். ராமசாமிக்கும் சின்னத்தாயம்மாளுக்கும் பிறந்த தம்பியர் பாஸ்கர், ராசையா, அமர்சிங் ஆகிய மூவரும் அண்ணனின் குழுவில் சேர்ந்தார்கள். 1943இல் பிறந்த ராசையாவே பின்னாளில் இளையராஜா. அமர்சிங் கங்கை அமரன். தாய் சின்னத்தாயம்மாள் பாடிய பாட்டுகளே தன் முதல் இசைப்பாடம் என்று இளையராஜா சொல்லி வந்திருக்கிறார்.

வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சியின் பாடகர். மக்கள் வாயில் ஏற்கெனவே இருந்த நாட்டார் மெட்டையும் சினிமா மெட்டையும் எடுத்துக்கொண்டு, கூலி, விலைவாசி, தேர்தல் என்று அன்றன்றைய விஷயத்தைச் சொற்களாக்கிப் பாடுவார். மெட்டு தெரிந்ததாக இருந்ததால் சொல் நேராகக் கூட்டத்துக்குள் இறங்கியது.

இம்மேடையின் பெயரை நிலைநாட்டியது 1958 தேவிகுளம் இடைத்தேர்தல். முந்தைய ஆண்டுதான் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் கேரளத்தில் கம்யூனிஸ்ட் ஆட்சி அமைந்திருந்தது. சட்டமன்றத்தில் சிறு பெரும்பான்மையே இருந்ததால் அந்த ஒரு தொகுதி பெரிதாயிற்று. தொகுதி நிறையத் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காக வரதராஜன் எஸ்டேட் எஸ்டேட்டாகப் பாடினார்; ரோசம்மா வென்றார். ராசையா அண்ணனோடு மேடையேறத் தொடங்கியதும் இக்காலத்தில்தான். சிறுவனாக இருந்தபோது பெண்குரலில் பாடியவர், குரல் உடைந்தபின் ஆர்மோனியத்துக்கு மாறினார். பிறகு பத்தாண்டு, ஊர் ஊராகக் கச்சேரி. ஸ்பெஷல் நாடக மேடை வழியாகத் தென்மாவட்ட மக்களின் காதுக்கு ஏற்கெனவே பழகியிருந்த ஆர்மோனியமே இக்குழுவின் முதுகெலும்பு.

அதே 1958இல் பிரிட்டனில் இடதுசாரிப் பாடகர் யூவன் மெக்கால், ரயில் ஓட்டுநர் ஜான் ஆக்சனின் உயிர்த்தியாகத்தைத் தொழிலாளர்களின் சொந்தக் குரலோடும் நாட்டார் மெட்டோடும் இணைத்து பி.பி.சி. வானொலியில் கதைப்பாடலாக வழங்கினார். தொழிலாளர் இசைச் சங்கத்திலிருந்து 1939இல் பிறந்த டாபிக் நிறுவனம் இத்தகைய பாடல்களை இசைத்தட்டாக்கி வந்தது. பழைய மெட்டு அருங்காட்சியகப் பொருளாகிவிடாமல் உழைப்பவனின் இன்றைய துயரைப் பேச வேண்டும் என்பதே தேவிகுளத்திலும் பிரிட்டனிலும் நடந்தவற்றின் பொதுச் சாரம்.

கிட்டார் வந்த வழி

1968இல் இளையராஜா சென்னை சென்று தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராகவும், சலில் சௌத்ரி முதலியோரின் ஒலிப்பதிவுகளில் கிட்டார் கலைஞராகவும் பணியாற்றினார். வங்கத்து இடதுசாரி மக்கள் நாடக இயக்கத்தில் வளர்ந்த சலில் சௌத்ரியும் நாட்டார் மெட்டையும் மேற்கத்திய இசையையும் இணைத்தவரே. தம்பி கங்கை அமரனும் கிட்டார் வாசித்தார்.

1973இல் வரதராஜன் மறைந்தார். மூன்றாண்டு கழித்து, 1976இல், பஞ்சு அருணாசலம் திரைக்கதை எழுத, இளையராஜா இசையமைத்த ‘அன்னக்கிளி’ வெளிவந்தது. வயல் மெட்டின் சாயலில் எஸ். ஜானகி பாட, அடியில் மேற்கத்திய இசைக்கோப்பு ஓடியது. அண்ணனின் மேடையில் பத்தாண்டு வாசித்து, எந்த மெட்டு எந்தக் கூட்டத்தை நிறுத்தும் என்று கண்ணால் கண்டறிந்த ஒருவர்தான் அதை அமைத்திருக்க முடியும்.

வாசிப்பு முறை

நாட்டார் மெட்டுக்குக் கிட்டார் வாசிப்பதில் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. கிட்டாரில் ஒரே நேரத்தில் பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கார்டு, மேஜர் அல்லது மைனர் என்று பிரியும். அந்தர காந்தாரம் வந்தால் மேஜர்; சாதாரண காந்தாரம் வந்தால் மைனர். நாட்டார் மெட்டோ இந்தப் பிரிவுக்குள் அடங்காமல், ஆதார சுருதியைச் சுற்றி வளைந்து போகும். கனத்த கார்டை அதன்மேல் போட்டால் வளைவு நசுங்கிவிடும்.

பிரிட்டனில் இதற்கு ஒரு வழி கண்டவர் டேவி கிரஹாம். வழக்கமாக ஈ-ஏ-டி-ஜி-பி-ஈ எனக் கட்டப்படும் ஆறு தந்திகளை 1960களின் தொடக்கத்தில் டி-ஏ-டி-ஜி-ஏ-டி என மாற்றிக் கட்டினார். டியை ஆதார சட்சமாகக் கொண்டால் இது ச-ப-ச-ம-ப-ச. காந்தாரமே இல்லை; ஆகவே மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. தம்புரா போலச் சட்சமும் பஞ்சமமும் நின்று ஒலிக்க, மேல் தந்தியில் மெட்டு தாராளமாக நடக்கும். மொரோக்கோ இசையோடு ஏற்பட்ட பழக்கமே அவரை இதற்குத் தூண்டியது. பெர்ட் ஜான்ஷ், ஜான் ரென்போர்ன், மார்ட்டின் கார்த்தி ஆகியோர் கட்டைவிரல் கீழ்த்தந்தியில் தாளம் பிடிக்க, மற்ற விரல்கள் மெட்டை மீட்டும் பாணிகளை வளர்த்தார்கள். லண்டன் கிரீக் தெருவில் 1965 முதல் 1972 வரை ஒரு நிலவறையில் நடந்த லே கசன்ஸ் மன்றத்தின் விடிய விடியக் கச்சேரிகள் இவர்களுக்குப் பட்டறை.

இளையராஜா வேறு வழி எடுத்தார். கார்டை ஒரே அடியாக அடிக்காமல் சுரம் சுரமாகப் பிரித்து மீட்டவைத்தார். பேஸ் கிட்டாருக்குத் தனி மெட்டே கொடுத்தார். பாடும் குரல் ஒரு வழியில் போக, பேஸ் இன்னொரு வழியில் போய் வந்து சேரும். மெட்டின் வளைவும் கெடாது, அடியில் ஆழமும் கூடும். ஆர். சந்திரசேகரின் கிட்டார் மீட்டலோடு 1982இல் வந்த ‘இளைய நிலா’ பாடல், பிரித்து மீட்டும் இம்முறையைத் தமிழ் வீடுகளுக்குள் கொண்டு சேர்த்தது. கிட்டார் கற்கும் தமிழ் இளைஞர்கள் இன்றும் வாசித்துப் பழகும் பாடம் அது.

மேடையின் தொடர்ச்சி

பாவலர் மேடையின் நேர் வாரிசு, 1975இல் மதுரையில் தொடங்கிய தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் கலை இரவுகள். தெருவை அடைத்து மேடை போட்டு, கட்டணம் இல்லாமல், இரவெல்லாம் பாட்டும் கூத்தும் நடத்துவது அவற்றின் முறை. 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் நாட்டார் கலைஞர்களை நகரத்துப் பூங்காக்களுக்கு அழைத்து வந்தது. 2018 முதல் பாடி வரும் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு, கானாவையும் பறையையும் கிட்டாரோடு இணைத்துச் சாதி எதிர்ப்பைப் பேசுகிறது. கிட்டாரைக் கையில் பிடித்து உழைப்பவன் பக்கம் நின்று பாடும் மரபு தொடர்கிறது.

மதிப்பீடு

கிட்டார் வந்ததால் நாட்டார் இசை அழிந்துவிட்டது என்பது உண்மைக்குப் பொருந்தாது. மெட்டை அறிந்தவர் கையில் அது மெட்டைத் தூக்கிப் பிடித்தது. டேவி கிரஹாமும் இளையராஜாவும் வெவ்வேறு வழிகளில் அதையே நிறுவினார்கள். இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. நடவு இயந்திரம் வந்த வயலில் நடவுப் பாட்டுக்கு வேலை இல்லை. சாமர்செட் தோட்டக்காரர் ஜான் இங்கிலாந்தின் பெயர் அவர் பாடிய பாட்டோடு நூறாண்டுக்கு மேலாக நிலைத்திருக்கிறது. ராயப்பன்பட்டியிலும் பண்ணைப்புரத்திலும் நாற்று நட்டுப் பாடிய மூதாட்டிகளின் குரலும் அவ்வாறே பதிவாக வேண்டும்; பாடியவர் பெயரும் ஊரும் பாட்டோடு சேர்ந்து நிற்க வேண்டும். பள்ளி மாணவர் கையிலுள்ள கைப்பேசியே அதற்குப் போதுமான கருவி.