பூட்டிய மரம்

இனயம் போன்ற குமரிக் கரைகளில் கட்டுமரமே கதி என்றிருந்த காலத்தில், கடலிலிருந்து திரும்பியதும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே காயப் போடுவார்கள். ஒரு மரம் உளுத்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். கம்ப்யூட்டர்காரர்கள் இந்தச் சங்கதியை 'மாடுலர்' என்பார்கள்.

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் விண்டோஸோ லினக்ஸோ தானாக எழுந்து வந்துவிடாது. முதலில் மதர்போர்டின் குட்டி சிப்பில் இருக்கும் பயாஸ் விழித்து, மெமரியைத் தயார் செய்து, டிஸ்க்கைத் தேடிப் பிடிக்க வேண்டும். 1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் பயாஸைக் காப்பியடிக்க முடியாது, காப்பிரைட்! ஆகவே ஃபீனிக்ஸ், இந்தியாவில் பிறந்த சுப்ரமணியன் சங்கர் 1985-ல் அமெரிக்காவில் கூட்டாளியோடு தொடங்கிய ஏ.எம்.ஐ. போன்ற கம்பெனிகள் சொந்தமாக எழுதி விற்றன. உள்ளே இருப்பது மட்டும் கம்பெனி ரகசியம்.

1999. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ரான் மின்னிக்குக்கு ஒரு தலைவலி. ஏகப்பட்ட பி.சி.களைக் கோத்து ஒரே ராட்சசக் கம்ப்யூட்டராக்கினால், அதில் ஏதாவது ஒன்று 'கீபோர்டைக் காணோம், எஃப்1-ஐ அழுத்து' என்று அடம்பிடிக்கும். ஆள் ஓட வேண்டும். பயாஸையே தூக்கிவிட்டு லினக்ஸை அங்கே உட்கார வைத்தால் என்ன? பிறந்தது லினக்ஸ்பயாஸ்.

ஆனால் லினக்ஸ் வளர்ந்து கொழுத்தது; குட்டி சிப்பில் அடங்கவில்லை. எனவே வேலையைப் பிரித்தார்கள். முதல் துண்டு பிராசஸரை எழுப்பும். இரண்டாவது மெமரியை எழுப்பும். (மெமரியே இல்லாமல் இந்தத் துண்டு எங்கே ஓடும்? பிராசஸருக்குள் இருக்கும் கேஷையே கடன் வாங்கிக்கொள்ளும். கில்லாடிகள்!) மூன்றாவது மற்ற ஹார்ட்வேரைக் கவனிக்கும். கடைசியில் 'பேலோடு': லினக்ஸோ, பழைய பயாஸ் மாதிரி நடிக்கும் ஸீபயாஸோ, உங்கள் இஷ்டம். புது மதர்போர்டு வந்தால் அதற்கான துண்டை மட்டும் எழுதினால் போதும். லினக்ஸ் கட்டாயமில்லை என்றானபின் பெயரில் மட்டும் எதற்கு? 2008-ல் அது கோர்பூட் ஆனது. கூகுளின் குரோம்புக்குகள் இதில்தான் விழிக்கின்றன.

முழு வெற்றி என்று சொல்ல முடியாது. புதிய இன்டெல் சிப்புகளில் மெமரியை எழுப்பும் பகுதியை இன்டெல் பூட்டிய பொட்டலமாகத்தான் தருகிறது. கட்டுமரத்தில் ஒரு மரம் இன்னும் அவர்கள் வசம்.

2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அதைப் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். அதற்கு அடியில் இருந்த பயாஸ்? பூட்டு. தயாரித்த கம்பெனி அப்டேட் தருவதை நிறுத்திய பிறகு அதில் ஓர் ஓட்டை தெரியவந்தால், அடைக்கும் வழி மாணவன் கையிலும் இல்லை, வாங்கிக் கொடுத்த அரசாங்கத்தின் கையிலும் இல்லை.