பேச்சு வராதவருக்காகப் பேசும் பொத்தான் - எப்படி வேலை செய்கிறது?

தாகமாக இருக்கிறது. "தண்ணி" என்ற சொல் மனத்தில் இருக்கிறது, வாயில்தான் வரவில்லை. பக்கவாதத்துக்குப் பிறகு பலர் இந்த நிலையை எதிர்கொள்கின்றனர்.

அப்படிப்பட்டோருக்குக் கைகொடுப்பவை குரல் பதிவுக் கருவிகள். அவற்றுக்கு இணையமோ கணினி அறிவோ தேவையில்லை. வேறொருவர் முன்கூட்டியே பதிவுசெய்த செய்தி, பொத்தானை அழுத்தியதும் ஒலிக்கும்.

யாருக்குப் பயன்படும்?

பக்கவாதத்தால் பேச்சு பாதிக்கப்பட்டோர், பெருமூளை வாதம் அல்லது மதியிறுக்கம் உள்ள பிள்ளைகள், குரல்வளை அறுவை சிகிச்சை செய்துகொண்டோர், தசைகளைப் படிப்படியாகச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோய் உள்ளோர் எனப் பலருக்கும் பயன்படலாம்.

பேச்சு போனால் புத்தியும் போய்விட்டது என்று பொருளல்ல. பக்கவாதத்துக்குப் பிறகு வரும் 'அஃபேசியா' என்ற மொழிக் குறைபாடு உள்ளவர் சொற்களைத் தேடித் தவிக்கலாம். ஆனால் தமக்கு என்ன வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

என்னென்ன வகைகள் உண்டு?

- ஒரே பொத்தான்: 'பிக்மேக்' போன்றவை. சுமார் 13 சென்டிமீட்டர் அகலம். விரல்களை நுணுக்கமாக அசைக்க முடியாதவர் முழங்கையால்கூடத் தட்டலாம்.
- வரிசைச் செய்திகள்: ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அடுத்த செய்தி வரும். கதை சொல்ல, பள்ளியில் நடந்ததை வீட்டில் பகிர ஏற்றது.
- பல பொத்தான்கள்: 'கோடாக் 9+' கருவியில் 9 கட்டங்கள், 5 அடுக்குகள். மொத்தம் 45 செய்திகள். எந்த அடுக்குக்கு மாறினாலும் மாறாத 3 செய்திகள் தனி. ஒவ்வொரு கட்டத்திலும் படம் வைக்கலாம்.

கைத்தொலைபேசிச் செயலி போதாதா?

சிலருக்குப் போதும். ஆனால் கை நடுங்குவோருக்கும் திரையைக் கண்டு குழம்புவோருக்கும் பொத்தான் எளிது.

இன்னொரு வசதி மொழி. கணினிக் குரலுக்குச் சில மொழிகள்தாம் தெரியும். குரல் பதிவுக்கு எந்த மொழியும் சரிதான்.

நம் வீடுகளில் இது முக்கியம். பாட்டி தமிழ் மட்டுமே பேசியிருப்பார். பகலில் உடனிருக்கும் பணிப்பெண்ணுக்கோ மருத்துவமனைத் தாதிக்கோ தமிழ் தெரியாமல் இருக்கலாம். ஒரே பொத்தானில் "இடுப்பு வலிக்குது" என்று தமிழிலும், அடுத்து ஆங்கிலத்திலும் பதிவுசெய்தால் இருவருக்கும் புரியும். எதை அழுத்தினோம் என்பது பாட்டிக்கும் தெரியும்.

எதைப் பதிவு செய்யணும்?

பெரும்பாலான குடும்பங்கள் "தண்ணி", "பசி", "கழிப்பறை" என்று தொடங்கும். அது தேவைதான். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் அவர் கேட்பவராக மட்டுமே இருப்பார். மறுக்கவோ அரட்டையடிக்கவோ வழியிருக்காது. இவற்றையும் சேர்க்கலாம்:

- "வேணாம்."
- "கொஞ்சம் பொறு, நான் இன்னும் முடிக்கல."
- "நீ சொன்னது எனக்குப் புரியுது. மெதுவா பேசு."
- "இன்னிக்குப் பள்ளிக்கூடத்துல என்ன நடந்துச்சு?"

முடிந்தவரை என்ன பதிவுசெய்யலாம் என்று அவரிடமே கேளுங்கள். "ஆமாம்", "இல்லை" என்று தலையசைத்தால் போதும். குரலும் பொருந்தவேண்டும். தாத்தாவுக்குப் பேரப்பிள்ளையின் குரல் சிரிப்பை வரவழைக்கலாம். ஆனால் அவர் வயதையொத்த ஆண் குரலை அவர் விரும்பக்கூடும். பேச்சு குறைந்துகொண்டே போகும் நோய் என்றால், இப்போதே அவர் சொந்தக் குரலில் பதிவுசெய்து வைப்பது நல்லது.

பழகிட்டா பேச்சு வராமலே போயிடுமா?

பெற்றோர் பலருக்கு இந்தப் பயம் உண்டு. வளர்ச்சிக் குறைபாடு உள்ளோர் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் ஓர் அறிக்கை வெளியானது. அதில் நம்பகமான சான்றுள்ள 27 பேரில் எவருக்கும் பேச்சு குறையவில்லை. 89 விழுக்காட்டினரின் பேச்சு ஓரளவு கூடியது. கருவியைப் பயன்படுத்திக்கொண்டே பேச்சுப் பயிற்சியையும் தொடரலாம்.

குறைகள் இல்லையா?

உண்டு. பதிவானதை மட்டுமே கருவி சொல்லும். புதிதாக எதுவும் சொல்ல முடியாது. அதனால் செய்திகளை அவ்வப்போது மாற்றவேண்டும். கைக்கு எட்டாத இடத்தில் இருந்தாலோ பேட்டரி தீர்ந்தாலோ பயனில்லை. இன்னும் அதிகமாகச் சொல்லக்கூடியவருக்குப் படப் பலகையோ கணினிக் கருவியோ தேவைப்படலாம். அதைப் பேச்சு சிகிச்சையாளர் மதிப்பிடுவார்.

சிங்கப்பூரில் எங்கே கேட்பது?

முதலில், சிகிச்சை பெறும் மருத்துவமனையின் பேச்சு சிகிச்சையாளரிடம் கேளுங்கள். லெங்கோக் பாருவில் உள்ள எனேபலிங் வில்லேஜில் 'டெக் ஏபல்' நிலையம் இருக்கிறது. எஸ்ஜி எனேபல் அமைப்பும் எஸ்பிடியும் சேர்ந்து நடத்தும் அங்கு உதவிக் கருவிகளை நேரில் பார்க்கலாம்.

நிரந்தர உடற்குறை உள்ளோர் உதவித் தொழில்நுட்ப நிதிக்கு விண்ணப்பிக்கலாம். தகுதி பெறுவோருக்குக் கருவியின் விலையில் 90 விழுக்காடு வரை கிடைக்கும். வாழ்நாள் உச்சவரம்பு 40,000 வெள்ளி. குடும்ப வருமானம் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும்.

வாங்குமுன் ஒருமுறை முயன்று பாருங்கள். காகிதத்தில் நான்கு படங்களை வரைந்து, அவர் எதைத் தொடுகிறார் என்று ஒரு வாரம் கவனியுங்கள். எத்தனை பொத்தான்கள் தேவை என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

கவனத்திற்கு: திடீரெனப் பேச்சு குழறினாலோ முகம் ஒரு பக்கம் கோணினாலோ கை தளர்ந்தாலோ பக்கவாதமாக இருக்கலாம். காத்திருக்காமல் உடனே 995ஐ அழையுங்கள்.