சிறகிழந்த ஈயும் ஒரு மரபணுவின் மூன்று வேலைகளும்

1973-இல் 'டிரோசோஃபிலா இன்ஃபர்மேஷன் சர்வீஸ்' என்ற சுற்றிதழில் ஒரு சிறு குறிப்பு வந்தது. எழுதியவர் டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் ஆர். பி. சர்மா. சிறகில்லாத பழ ஈத் திரிபு ஒன்றைக் கண்டதாகச் செய்தி, அவ்வளவுதான். மூளை வளர்ச்சி, திசுப் புதுப்பிப்பு, புற்றுநோய் மூன்றிலும் கைவைக்கும் விண்ட் மரபணுக் குடும்பத்தின் வரலாற்றை அந்தக் குறிப்பிலிருந்து தொடங்குவதே நியாயம் என்பேன்.

பயிர் ஆராய்ச்சிக்கூடத்தில் ஈக்கு என்ன வேலை? பாலக்காட்டுக் கல்பாத்தி வீடுகளில் நேந்திரம்பழம் கறுத்துக் கனிந்ததும் மொய்க்குமே, அந்தச் சின்ன ஈக்களின் இனந்தான் இது. பத்து நாளில் ஒரு தலைமுறை வந்துவிடும் என்பதால் மரபியலாருக்கு அதைவிட வசதியான உயிர் கிடையாது. அதே கழகத்தில் கும்பகோணத்துக்காரரான எம். எஸ். சுவாமிநாதனும் உடனாய்வாளர்களும் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய உணவில் இந்த ஈக்களை வளர்த்து, தோன்றிய திரிபுகளை 1963-லேயே 'சயன்ஸ்' இதழில் எழுதியிருந்தனர்.

1976-இல் சர்மாவும் வி. எல். சோப்ராவும் விரிவான கட்டுரை வெளியிட்டனர். சில ஈக்களுக்கு இரு சிறகுமில்லை, சிலவற்றுக்கு ஒன்று இருந்தது, சிலவற்றுக்கு இரண்டும் ஒழுங்காக இருந்தன. சிறகு முளைக்கவேண்டிய இடத்தில் முதுகுப்புற மார்புப் பகுதி இரட்டித்திருந்தது. உறுப்பு தொலைந்ததோடு நிற்காமல் அதன் இடத்தில் வேறொன்று உருவாகியிருந்தது என்பதுதான் இதில் முக்கியம். மரபணு முற்றும் கெட்டிருந்தால் கரு நிலையிலேயே ஈ மடிந்திருக்கும். அத்தகைய கொல்லும் திரிபுகளை 1980-இல் நியூஸ்லைன்-ஃபோல்ஹார்டும் வீஷாஸும் விவரித்தனர். டெல்லி ஈயில் கெட்டது மரபணுவை இயக்கும் ஒரு பகுதி மட்டுமே. அதனால்தான் அது பிழைத்தது, கண்ணிலும் பட்டது.

இதற்கிடையே 1982-இல் அமெரிக்காவில் ரூல் நுஸ்ஸேயும் ஹெரால்ட் வார்மஸும் எலியின் மார்புப் புற்றை ஆராய்ந்தனர். ஒரு வைரஸ் தன்னை எலியின் மரபணுத்தொகுதிக்குள் செருகி, பக்கத்திலிருந்த மரபணுவை முடுக்கிவிட்டது. அதற்கு இன்ட்-1 என்று பெயரிட்டனர். 1987-இல் ஒப்பிட்டபோது, சிறகிழந்த ஈயின் மரபணுவும் அதுவும் ஒரே வம்சம் என்று தெரியவந்தது. அந்த வம்சந்தான் விண்ட். 1990-இல் இரு குழுக்கள் எலியில் அந்த மரபணுவை நீக்கிப் பார்த்தன. கட்டி எதுவும் இல்லை. பிறந்த குட்டிகளுக்கு நடுமூளையும் சிறுமூளையும் பெரும்பாலும் காணோம்!

மறுவளர்ச்சிக்கான சான்றுகள் பிறகு வந்தன. 2008-இல் பிளனேரியா என்ற தட்டைப்புழுவில் விண்ட் மரபணுக்கள் தரும் செய்தியைக் கடத்தும் பீட்டா-கேட்டனின் என்ற புரதத்தை அடக்கினார்கள். வெட்டிய வால்முனையில் வாலுக்குப் பதில் மூளையோடு கூடிய தலை முளைத்தது. நம் குடலின் உள்தோலும் நான்கைந்து நாளுக்கொருமுறை இதே செய்தியை நம்பித்தான் புதுப்பிக்கப்படுகிறது. அங்கே செய்தியை அடக்கிவைப்பது ஏபிசி என்ற மரபணு. பெரும்பாலான பெருங்குடல் புற்றுகளில் அது பழுதாகியிருக்கும். நிறுத்த ஆளில்லாமல் செல்கள் பெருகிக்கொண்டே போகும்.

விண்டை முடக்கும் மருந்து ஏன் இன்னும் எளிதில் கைகூடவில்லை என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. எலும்பும் அதை நம்பியே வளர்கிறது. விண்ட் தடுப்பு மருந்துகளின் மனிதச் சோதனைகளில் சிலருக்கு எலும்பு முறிந்தது.