ஆஞ்ஞிலி மரவாழை: ஒரு பெயர் இழந்த செய்தி

கம்பம்மெட்டின் ஏலத்தோட்டங்களில் மழைக்கு முன் நிழல்மரங்களைக் கவாத்து செய்வார்கள். வெட்டுண்டு விழும் கிளைகளோடு ஆர்க்கிட் செடிகளும் தரைக்கு வரும். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி விழுந்த ஒரு நரிவால் ஆர்க்கிட்டை நான் படிக்கும் நகரத்து விடுதிக்கு எடுத்துச் சென்றேன். கிளம்பும்போது பெரியப்பா கேட்டது ஒரே கேள்வி: "எந்த மரத்துல இருந்துச்சுன்னு பார்த்தியா?" நான் பார்க்கவில்லை.

அக்கேள்வியின் பொருள் ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ் நூலைப் படித்தபோதுதான் விளங்கிற்று. கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீடு தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த நூல் அது. இட்டி அச்சுதன் என்னும் வைத்தியரும் மூன்று கொங்கணி அறிஞர்களும் அதற்குத் தகவல் தந்தோருள் முதன்மையானவர்கள். பன்னிரண்டாம் தொகுதியில் மரத்தின்மேல் வளரும் ஆர்க்கிட்டுகளுக்குப் பொதுப்பெயர் 'மரவாழ'. இங்கே 'வாழ்' என்னும் வினையைக் காணத் தோன்றும். ஆயினும் மலையாளத்தில் வாழையின் பெயரும் 'வாழ'தான் என்பதால் சொற்பிறப்பில் அவசரம் ஆகாது. என்னை ஈர்த்தது முன்னொட்டு. நரிவால் ஆர்க்கிட்டுக்கு 'ஆஞ்ஞிலி மரவாழ'. ஆஞ்ஞிலி என்பது நம் அயினி. கற்றாழை போன்ற தடித்த இலையுடைய மற்றொன்றுக்குக் 'காஞ்ஞிரம் மரவாழ'. காஞ்ஞிரம் என்பது எட்டி. தாங்கும் மரம் செடியின் பெயருக்குள்ளேயே இருக்கிறது. அயினி ஓங்கி வளரும் மரம். அதன் கிளையில் இலை வழியே வடிந்த வெளிச்சமும் ஓயாத காற்றும் உண்டு.

1753இல் லின்னேயஸ் இவ்விரண்டையும் 'எபிடென்ட்ரம்' என்னும் ஒரே பேரினத்தில் அடக்கினார். கிரேக்கத்தில் 'மரத்தின்மேல்' என்று பொருள். எந்த மரம் என்பது உதிர்ந்துபோயிற்று. அவ்விடத்தில் 'மழுங்கிய நுனியுடையது', 'கற்றாழை இலையுடையது' என்னும் உருவ அடைமொழிகள் அமர்ந்தன. வகைப்பாட்டுக்கு அது தேவையான துறப்பே. லின்னேயஸைக் குறை கூறுவது என் நோக்கமன்று. வளர்ப்போர்க்குத்தான் அது இழப்பு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய ஆர்க்கிட்டுகளில் பெரும்பாலானவை மடிந்தன. வழியில் தப்பியவற்றை மண்ணில் நட்டு, புழுக்கமான கண்ணாடி அறைகளில் பூட்டினர். ஜான் லிண்ட்லி போன்ற பேரறிஞரே தொடக்கத்தில் மிகுந்த வெப்பம், மிகுந்த ஈரம், ஆழ்ந்த நிழல் ஆகியவற்றைப் பரிந்துரைத்தார். வெப்பமண்டலக் காடு என்றால் இருள் என்பது அக்காலத்துக் கற்பனை. காட்டுத் தரையையும் மரக்கிளையையும் அது பிரித்தறியவில்லை. வார்டு என்னும் லண்டன் மருத்துவர் உருவாக்கிய மூடிய கண்ணாடிப் பெட்டிகள் 1833இல் சிட்னி வரை செடிகளை உயிரோடு சேர்த்தன. பயணச் சிக்கல் ஓரளவு தீர்ந்தது. சென்று சேர்ந்தபின் வாழவைத்தது, சாட்ஸ்வொர்த்தில் ஜோசப் பாக்ஸ்டன் போன்றோர் வெப்பத்தைக் குறைத்துக் காற்றை உள்ளே விட்ட பிறகுதான்.

நிழலையே விரும்பும் ஆர்க்கிட்டுகளும் உண்டு. ராபர்ட் வைட் தம் ஓவியர் கோவிந்துவின் பெயரால் 'கோவிந்தூயியா' என்றொரு பேரினம் அமைத்தார். இன்று ட்ரோபிடியாவுக்குள் அடங்கிவிட்ட அது காட்டுத் தரையின் அரையிருளில் வளர்வது. ஓவியரின் பெயரும் வழக்கொழிந்தது என்பது தனிக் கதை.

அந்த ஆங்கிலேயரின் பிழையையே நான் விடுதியில் செய்தேன். வடக்குச் சன்னல், தொட்டி நிறைய மண், நாள்தோறும் தண்ணீர். இலைகள் கரும்பச்சையாகித் துவண்டன, வேர் அழுகியது. இவ்வகை வேரின்மேல் பஞ்சு போன்ற ஓர் உறை உண்டு: காய்ந்தால் வெண்மை, நனைந்தால் பச்சை. வெண்மையான பின்னரே நீர் விடவேண்டும். வெளிச்சம் குறைந்தால் நீரையும் குறைக்கவேண்டும். இடம் மாற்றும்போது வேரைக் காயவிட்டு, பற்றியிருக்கும் கட்டையோடே எடுத்துச் செல்வது நலம். புதிய வெளிச்சத்துக்குச் சில வாரங்களில் படிப்படியாகப் பழக்கவேண்டும்.

இப்போது அது கிழக்குச் சன்னலில், பலாக்கட்டையில் கட்டப்பட்டிருக்கிறது. அயினி கிடைக்கவில்லை, பலா அதே பேரினம் என்பதால் ஓர் ஆறுதல், தாவரவியலார் சிரிக்கக்கூடும். இரண்டு புதிய வேர்கள் கட்டையைப் பற்றியுள்ளன. இன்னும் பூக்கவில்லை.