இடப்பக்கக் குதிரை

பண்டாரவளைக்குக் கீழே ஒரு தோட்டத்தில் என் தாத்தா ஆசாரியாக இருந்தார். அந்தத் தோட்டத்துக் கவ்வாத்துக் கத்திகள் எல்லாம் அவர் உலையில் பிறந்தவை. பழுக்கக் காய்ச்சிய கத்தியை நீரில் தோய்த்து, கரியைத் தேய்த்து எடுத்து, மறுபடி அனலில் லேசாகக் காட்டுவார். பளிச்சென்ற இரும்பில் வைக்கோல் நிறம் மெல்ல ஏறிவரும். "அங்கேயே நிறுத்தணும்டா. நீலம் ஏறிருச்சின்னா அது கத்தி இல்ல, வில்லு" என்பார்.

அந்த நீலம் கொழும்பு தேசிய நூதனசாலையில்தான் எனக்கு மறுபடி நினைவுக்கு வந்தது. 1765-ல் டச்சுக்காரர் கண்டியிலிருந்து அள்ளிப்போன லெவுக்கே திசாவை என்ற கண்டிப் பிரதானியின் பீரங்கி 2023-ல் நெதர்லாந்திலிருந்து திரும்பிவந்தது. கூடவே இரண்டு பெருந்துவக்குகளும் வந்தன. பீரங்கியில் தங்கமும் வெள்ளியும் மாணிக்கமும் மின்னுகின்றன. என் கண் போனதோ அங்கிருந்த பழைய துவக்குகளின் சுடும் பொறிமேல். ஜெர்மனியின் சூல் போன்ற நகரங்களில் செய்த சிக்கிமுக்கிக் கைத்துப்பாக்கிகளில் பொறி வலப்பக்கம் இருக்கும். சிங்களக் கொல்லர் செய்தவற்றில் பெரும்பாலும் அது இடப்பக்கம். சுருண்டு வளைந்த பிடியும் வேறெங்கும் காணாதது.

இந்தச் சிக்கிமுக்கிப் பொறி எதற்கு வந்தது? முன்பிருந்த திரித்துவக்குக்கு எரியும் கயிறு வேண்டும், மழையில் அது அணைந்துவிடும். 1630-ல் ஊவாவில் வெல்லவாய அருகே ரந்தெனிவெலயில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா வீழ்ந்த நாளில் திரியும் மருந்தும் மழையில் நனைந்துபோயின என்கிறார்கள். ஊவா மழையைத் தெரிந்த எவரும் அதை நம்புவார்கள்.

சிக்கிமுக்கித் துவக்கில் குதிரை எனப்படும் சுத்தியல் வாயில் கல்லைக் கவ்வியிருக்கும். விசையை இழுத்ததும் உள்ளேயிருக்கும் வில் குதிரையை முன்னே எறியும். கல் எஃகுத் தகட்டை உரசும். தகடு பின்னே சாய, அதன் அடியில் மூடியிருந்த மருந்துக் கிண்ணம் திறக்கும். தீப்பொறி அதில் விழும். குழலின் பக்கத்துச் சிறு துளை வழியே தீ உள்ளே பாயும். எல்லாம் கண்ணிமைக்கும் நேரம். தகடு கல்லுக்குத் தீப்பொறி கொடுக்கும் அளவு கடினமாக இருக்க வேண்டும். வில்லோ ஆயிரம் தடவை மடங்கியும் முறியக் கூடாது. ஒரே உலையில் இரண்டு தோய்ச்சல்! தாத்தா சொன்ன நீலம் இந்த வில்லுக்கானது.

போர்த்துக்கேயர் 1505-ல் இலங்கைக்கு வந்தார்கள். நூறாண்டுக்குள், 1596-ல் வெளிவந்த நூலில், கோவாவில் இருந்த டச்சுக்காரர் லின்ஸ்கோட்டன் சிங்களவரின் துவக்குக் குழல்களை மனம் திறந்து புகழ்ந்துவிட்டார். இரும்பு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஹப்புத்தளை மலைத்தொடருக்குத் தெற்கே சமனலவெவச் சரிவுகளில், ஆடிக்காற்றையே துருத்தியாக்கி உருக்கிய பழைய உலைகளைத் தொல்லியலாளர் கில் ஜூலெப் தோண்டி எடுத்தார். அவை துவக்குக்குப் பல நூற்றாண்டு முந்தியவை. 1900-களின் தொடக்கத்தில் ஆனந்த குமாரசுவாமி பலாங்கொடைப் பக்கம் இரும்பு உருக்குவோரில் கடைசித் தலைமுறையை நேரில் பார்த்து எழுதினார்.

ஊவாவில் துவக்குச் செய்யும் தொழில் ஏன் அற்றது? கொல்லனுக்கு நிலம் கொடுத்து வேலை வாங்கிய கண்டி அரசு 1815-ல் போயிற்று. 1817-ல் ஊவாவில் எழுந்த கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேயர் அனுப்பிய பிரதானி கெப்பெட்டிபொல, அவர்களின் துவக்குகளைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கிளர்ச்சியாளரோடு சேர்ந்தார் என்பது இன்றும் ஊரில் பேச்சு. 1818 நவம்பரில் அவர் தலை போனது. ஆயுதங்கள் பறிக்கப்பட்டன, வயல்கள் எரிக்கப்பட்டன. 1832-ல் இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியமும் ஒழிந்தது. அதன்பின் கோப்பி வந்தது, தேயிலை வந்தது, கத்தி அடிக்க எங்கள் ஆட்கள் வந்தார்கள்.

ஜெர்மன் பொறித்தகடுகள் பலவற்றில் கொல்லன் பெயரும் ஊரும் வெட்டியிருக்கும். நான் பார்த்த சிங்களத் துவக்குகளில் கொடிவேலை மட்டுமே. தாத்தாவும் பெயர் வெட்டியதில்லை. கத்தியின் கழுத்தில், பிடி சேரும் இடத்தில், மூன்று புள்ளி குத்துவார். ஒரு கத்தி என்னிடம் இருக்கிறது. புள்ளிகளில் ஒன்று தேய்ந்துவிட்டது.