மறுப்பதற்கு முன் கேட்டல்: தமிழில் பிறர்மதம் உரைக்கும் மரபின் வளர்ச்சி

பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில், நூலாசிரியர் கைக்கொள்ளும் மதங்கள் ஏழு என்று வகுக்கிறார். உடன்படுவது ஒன்று, மறுப்பது ஒன்று. பிறர் கொள்கையை முதலில் ஏற்று உரைத்துப் பின்னர் அதைக் களைவது மற்றொன்று. வெறுமனே மறுப்பதையும், எடுத்துரைத்து மறுப்பதையும் அவர் தனித்தனியே எண்ணியிருக்கிறார் என்பது கவனிக்கத்தக்கது. பவணந்தி சமணர். அவருடைய நூலைச் சைவரும் வைணவரும் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்தனர். பிறர் சொல்வதைக் கேட்டு அதைத் திரிக்காமல் திருப்பிச் சொல்ல வேண்டும் என்ற கடமை, தமிழில் நல்லெண்ணத்திலிருந்து பிறந்ததன்று என்பதே என் கருத்து. அது வாதத்தின் தேவையிலிருந்து பிறந்தது. பல நூற்றாண்டுகள் கழித்தே வாதத்திலிருந்து பிரிந்து தனித்து நின்றது. அந்த நீண்ட நகர்வையே இக்கட்டுரை பின்தொடர்கிறது.

இம்மரபின் முதல் பெரும் சான்று, சாத்தனார் பாடிய பௌத்தக் காப்பியமான மணிமேகலை. அதன் முதற்காதையில் இந்திரவிழாவை முரசறைந்து அறிவிப்பவன், சமயவாதிகள் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறலாம் என்கிறான். பகைவரிடத்திலும் சினமும் பூசலும் வேண்டாம் என்றும் சொல்கிறான். இந்த அனுமதி இருபத்தேழாம் காதையில் ஒரு முழுக் காட்சியாக விரிகிறது. வஞ்சி நகரில் காப்பியத் தலைவி மணிமேகலை ஆண் தவசியின் வடிவெடுத்து, அளவைவாதி தொடங்கிப் பூதவாதி ஈறாகப் பத்துச் சமயக்கணக்கரிடம் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். காதையின் பெயரே கேட்டலைத்தான் சொல்கிறது. இளம்பெண் ஒருத்தி கேட்க வந்தால் அந்த ஆசிரியர்கள் தம் நூற்பொருளை முழுமையாகச் சொல்லமாட்டார்கள் என்ற எண்ணமே வேற்றுருவுக்குக் காரணம். யாருக்குக் கேட்கும் உரிமை இருந்தது என்ற கேள்வியைக் காப்பியம் தன்னை அறியாமலேயே நம்முன் வைத்துவிடுகிறது.

இந்தக் கேட்டல் சீரானதன்று. அளவைவாதிக்கும் ஆசீவகனுக்கும் சாங்கியனுக்கும் சாத்தனார் தாராளமாக இடம் தருகிறார். வைணவவாதியை இரண்டே அடிகளில் முடித்துவிடுகிறார். ஆனால் இடம் கிடைத்தவர்களின் பேச்சில் இழிவுபடுத்தும் சொல் கலக்கவில்லை. ஆசீவகனின் அணுக்கொள்கை அவனுடைய கலைச்சொற்களோடு அப்படியே வருகிறது. ஆத்திப் பூவும் வெல்லமும் பிற பொருள்களும் சேர்ந்தால் கள்ளின் களிப்புப் பிறப்பதுபோல, பூதங்களின் கூட்டத்தில் உணர்வு பிறக்கிறது என்று பூதவாதி சொல்லும் உவமையும் முழு வலுவோடு நிற்கிறது. காட்சி ஒன்றே அளவை என்ற அவனிடம் மட்டும் மணிமேகலை எதிர்வாதம் செய்கிறாள்: உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அன்றி வேறு எப்படி அறிந்தாய் என்கிறாள். மற்றவர்களைக் கேட்டுவிட்டு நகர்கிறாள். காஞ்சியில் அறவண அடிகள் பௌத்தத்தைப் போதிப்பது அதற்குப் பிறகுதான். தன் சமயத்தைத் தேர்வதற்கு முன் பிற சமயங்களைக் கேட்டாக வேண்டும் என்பதைச் சாத்தனார் கதையின் அமைப்பிலேயே வைத்துவிட்டார்.

பக்தி இயக்கக் காலத்தில் இந்த நிதானம் குலைந்தது. சம்பந்தர் பதிகங்களில் சமணரும் பௌத்தரும் பெரும்பாலும் பழிக்கப்படுகிறார்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது அங்கே அரிதாகவே தெரியவருகிறது. அனல்வாதம், புனல்வாதம் பற்றிய கதைகளில் ஏடுகளைத் தீயும் நீரும் சோதிக்கின்றன. ஏட்டில் எழுதியிருந்ததை எவரும் படிப்பதில்லை. வாதத்தில் தோற்ற சமணரின் கழுவேற்றத்தைப் பெரியபுராணம் சொல்கிறது. அது நிகழ்ந்ததா என்பதில் வரலாற்றாசிரியர்கள் உடன்படுவதில்லை. ஆனால் அதை வெற்றியாகச் சொல்லும் மனநிலை இருந்தது உண்மை. அதை மூடி மறைத்துவிட்டு இம்மரபைப் புகழ்வது நேர்மையாகாது.

இதே காலப்பகுதியை அடுத்து, சமணரின் நீலகேசி வாதத்தையே காப்பியமாக்கியது. முதற்சருக்கமான தருமவுரைக்குப் பின் வரும் ஒன்பது சருக்கங்களும் வாதம் என்றே பெயர் பெற்றவை. நாதகுத்தனார் பாடிய பௌத்தக் காப்பியமான குண்டலகேசியை வெல்வதே அதன் நோக்கம். ஆயினும் குண்டலகேசி இன்று நமக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. மிஞ்சியவற்றில் ஒரு பகுதி கிடைத்தது, நீலகேசிக்கு உரையெழுதிய சமயதிவாகர வாமன முனிவர் எதிரியின் பாடல்களைச் சுட்டிக்காட்டி வாதித்ததால்தான். பல பாடல்களின் தொடக்கச் சொற்களை அவர் குறித்துச் செல்கிறார். தோற்கடிக்க எழுந்த நூலின் உரையே தோற்ற நூலின் சொற்களுக்குக் காப்பாக அமைந்தது.

13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இம்முறைக்கு இலக்கண வடிவம் கொடுத்தார். அவருடைய சிவஞான சித்தியார் பரபக்கம் (பிறர் மதம்), சுபக்கம் (தம் மதம்) என இரு பகுதிகள் கொண்டது. பரபக்கத்தில் உலகாயதன் முதல் பாஞ்சராத்திரி வரை பதினால்வர் வருகிறார்கள். பௌத்தத்தை ஒரே மூட்டையாகக் கட்டிவிடாமல் சௌத்திராந்திகன், யோகாசாரன், மாத்தியமிகன், வைபாடிகன் என நான்காகப் பிரித்து நான்கையும் தனித்தனியே எடுத்துரைக்கிறார். ஒவ்வொருவருக்கும் முதலில் அவர் மதம், அதன்பின் மறுதலை. சைவ சித்தாந்த வகுப்புகளில் சுபக்கத்துக்குக் கிடைக்கும் மரியாதை பரபக்கத்துக்குக் கிடைப்பதில்லை. இதை ஒரு பெரிய இழப்பாகவே கருதுகிறேன். அருணந்தியின் அறிவு நேர்மை மிகத் தெளிவாகத் தெரிவது அங்கேதான்.

எடுத்துரைத்து மறுக்கும் முறையின் பயனையும் எல்லையையும் ஒருசேரக் காட்டுபவர்கள் ஆசீவகர்கள். ஏ. எல். பாஷம் 1951-இல் அவர்களைப் பற்றி எழுதிய ஆங்கில நூலுக்கு மணிமேகலை, நீலகேசி, சிவஞான சித்தியார் ஆகிய மூன்றும் முக்கியமான தமிழ்ச் சான்றுகள். ஒன்று பௌத்தருடையது, ஒன்று சமணருடையது, ஒன்று சைவருடையது. ஆசீவகர் தம் கையால் எழுதியது ஒன்றுகூட எஞ்சவில்லை. மாற்றார் கவனமாகக் கேட்டிருக்காவிட்டால் அவர்களுடைய தத்துவம் தமிழில் பெயரளவில்தான் மிஞ்சியிருக்கும். அதே வேளையில், மறுப்பதற்குத் தேவைப்பட்ட அளவுக்கே அது பதிவாகியிருக்கிறது. அவர்கள் எப்படி வழிபட்டார்கள், இறப்பின்போது என்ன செய்தார்கள், குழந்தைக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்பதையெல்லாம் வாத நூல் கேட்காது.

அந்த வகைக் கேள்விகளைக் கேட்டவர் அயலார் ஒருவர். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு மதம் மாற்ற வந்தவர்தான். ஆனால் 1712 முதல் 1714 வரை அவரும் அவருடைய தோழர் குருண்டலரும் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதியனுப்பி, பதில்களை ஜெர்மனில் பெயர்த்து ஹாலே நகரில் வெளியிடச் செய்தனர். அச்சான கடிதங்கள் 99. பதில் எழுதியவர்கள் வெறும் தகவலாளிகளாக இருக்கவில்லை. மாட்டிறைச்சியையும் குடியையும் சுட்டி, நீங்கள் இப்படி வாழ்ந்துகொண்டு எங்களுக்கு எதைப் போதிக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டார்கள். அந்தக் கண்டனங்களும் அச்சேறின. 1713-இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி சீகன்பால்கு எழுதி அனுப்பிய நூலையோ, ஹாலேயிலிருந்து அப்பணிக்கு வழிகாட்டிய பிராங்கே அச்சிட மறுத்தார். அந்தச் சமயத்தை வேரறுக்க அனுப்பப்பட்டவர்கள் அதை ஐரோப்பாவில் பரப்பக் கூடாது என்பது அவர் கருத்து. நூல் 1867-இல்தான் சென்னையில் அச்சாயிற்று. மறுப்பதற்காகக் கேட்கத் தொடங்கியவர் அந்த நோக்கத்துக்கு வேண்டியதைவிட மிகுதியாகக் கேட்டுவிட்டார். அவரை அனுப்பியவர்கள் அஞ்சியதும் அதற்காகவே.

மறுக்கும் நோக்கமே இல்லாத கேட்டல் 1880-இல் கும்பகோணத்தில் தொடங்குகிறது. அங்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், கல்லூரித் தமிழாசிரியரான உ. வே. சாமிநாதையரிடம் சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். திருவாவடுதுறை மடத்தின் சைவச் சூழலில் தேர்ந்த ஐயருக்கு அந்தச் சமணக் காப்பியம் புதிது. நச்சினார்க்கினியர் உரை கையில் இருந்தும் சமணக் கோட்பாடுகள் வரும் இடங்கள் பிடிபடவில்லை. ஊரிலிருந்த சைனர்களின் வீடுகளுக்குப் போய்க் கேட்டார். அவர்களுக்குச் சிந்தாமணி பக்தியோடு ஓதும் நூல். ஏட்டில் இல்லாத விளக்கம் அவர்கள் பேச்சில் இருந்தது. 1887-இல் வெளிவந்த பதிப்பு அந்தச் சைனர்களிடம் மாணவராக இருந்து கற்றதன் பயன். அருணந்தி பரபக்கத்தில் நிகண்டவாதியான சமணனின் கொள்கையைச் சொல்வது அதைக் களைவதற்கு. ஐயர் கேட்டது, தமக்குத் தெரியாததைத் தெரிந்துகொள்ள.

மணிமேகலைக்கு வந்தபோது கேட்பதற்கு ஆளில்லை. தமிழ் பேசும் பௌத்தரை அன்று கும்பகோணத்தில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. பௌத்தம் பற்றிய ஆங்கில நூல்களைப் படித்துப் பொருள் சொன்னவர் மளூர் அரங்காசாரியார், வைணவர். ஐயர் கேட்டுக் குறித்துக்கொண்டார். 1898-இல் மணிமேகலை வெளிவந்தபோது அதனோடு புத்தசரித்திரம், பௌத்த தருமம், பௌத்த சங்கம் ஆகிய மூன்று பகுதிகளைத் தாமே எழுதிச் சேர்த்தார். சைவர் ஒருவர், வைணவர் ஒருவரின் துணையோடு, பௌத்தத்தைத் தமிழருக்கு எடுத்துரைத்த அந்தப் பக்கங்களுக்குப் பின் மறுதலை எதுவும் வரவில்லை.