ஊவாத் தோட்டங்களில் சவரக் கத்தியும் பிளேடும்: ஒரு தொழில் இரண்டான வரலாறு

ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் முகச்சவரம் மூன்று கருவிகளைக் கடந்து வந்திருக்கிறது: நாவிதரின் மடக்குக் கத்தி, வீட்டில் வைத்துக்கொள்ளும் ரேசர், ஒடித்த பாதி பிளேடைச் செருகும் சலூன் கத்தி. மூன்றிலும் ஒரு நேரத்தில் தோலைத் தொடுவது ஒரே ஓர் அலகுதான். அது யார் கையில் இருந்தது, அதற்கான கூலி எந்த வழியில் போனது என்பவைதாம் மாறின. பதுளை, பசறை, அப்புத்தளை, மடுல்சீமைப் பகுதித் தோட்டங்களின் சமூக வரலாற்றுக்கு இந்த மாற்றம் முக்கியமானது.

தோட்டத்து நாவிதரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஆர். ஜெயராமன் வழியில்தான் பேசுகிறார்கள். மூன்று தேயிலைத் தோட்டங்களை ஆராய்ந்து 1975 இல் பம்பாயில் அவர் வெளியிட்ட ஆங்கில நூல், இலங்கையில் சாதியின் தொடர்ச்சிகளைத் தலைப்பிலேயே முன்வைக்கிறது. வேலைத்தளத்தில் சாதியின் பிடி தளர்ந்தாலும் மணவுறவிலும் சடங்கிலும் அது நீடித்தது என்பது அவர் வாதத்தின் சாரம். மலையக ஆய்வுக்கு அந்நூல் செய்த பணியை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தச் சட்டகத்துக்குள் நாவிதரை வைத்தால், தமிழ்நாட்டுக் கிராமத்து ஊழியம் கடல் தாண்டி அப்படியே வந்து சேர்ந்ததுபோல் ஒரு தோற்றம் உண்டாகிறது. இங்கே மறுக்கப்படுவது அந்தத் தோற்றமே.

கிராமத்து நாவிதருக்கு இரண்டு பிடிமானங்கள் இருந்தன. ஒன்று மானிய நிலம். மற்றது அறுவடைக் களத்தில் அளந்து கொடுக்கப்படும் தானியம். அவர் சவரத் தொழிலோடு வைத்தியமும் பார்த்தார். அவர் வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். தோட்டத்தில் இவற்றுள் எதற்கும் இடமில்லை. தொழிலாளர் குடியிருந்த லயத்து அறை கம்பெனிக்குச் சொந்தம். களமும் இல்லை, களத்து நெல்லும் இல்லை. நோய்க்குத் தோட்டத்து டிஸ்பென்சரி இருந்தது. நாவிதரை அங்கே நிறுத்தி வைத்தது வேறொன்று.

அது என்னவென்று சம்பளத் துண்டு சொல்கிறது. தோட்டத் தொழிலாளியின் மாதச் சம்பளத் துண்டில் வரவுப் பக்கம் பேர் (ஒரு நாள் வேலை) கணக்கும் கைகாசும் (மேலதிக வேலைக் காசு) இருக்கும். கழிவுப் பக்கத்தில் முற்பணம், கோயில், சங்கச் சந்தா ஆகியவற்றோடு டோபி (சலவை), பாபர் (சவரம்) என்ற இரண்டு வரிகளும் வரும். ஆய்வாளர்கள் சில்லறைக் கழிவென்று தாண்டிப் போன இந்தப் பாபர் வரியில்தான் விடை இருக்கிறது. சம்பளப் பதிவேடான செக்ரோலில் கணக்கப்பிள்ளை எழுதும் தொகை ஆபீசில் கழிக்கப்பட்டு நாவிதரைச் சேர்கிறது. வாடிக்கையாளரும் நாவிதரும் கூலியைப் பற்றி முகம் பார்த்துப் பேசவேண்டியதே இல்லை. கொடுப்பவரின் தாராளமோ கஞ்சத்தனமோ, வாங்குபவரின் உரிமைக்குரலோ, எதுவும் அங்கே நுழையாது. கிராமத்துக் களத்தில் நடந்த கொடுக்கல்வாங்கலின் உயிரே அந்த முகம் பார்த்தல்தான். ஆகவே தோட்டத்து நாவிதரைச் சாதி ஊழியத்தின் எச்சம் என்பதைவிட, தோட்ட நிர்வாகம் புதிதாகச் செய்துகொண்ட ஏற்பாடு என்பதே பொருந்தும். சாதியை நிர்வாகம் பயன்படுத்திக்கொண்டது உண்மை. பயன்படுத்திக்கொண்டதைத் தொடர்ச்சி என்று சொல்லிவிட முடியாது.

இந்த வரிக்கு இன்னொரு விளைவும் உண்டு. பாபர் காசு மாதந்தோறும் கழியும் வீட்டில் ஒருவர் ரேசர் வாங்கினால் ஒரே சவரத்துக்கு இரண்டு தடவை செலவு செய்தவர் ஆகிறார். ரேசர் லயத்துக்குத் தாமதமாக வந்ததற்கு வறுமையோடு இதையும் காரணமாகக் கொள்ளவேண்டும்.

வறுமையின் அளவையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். கிங் கேம்ப் ஜில்லெட் தமது ரேசருக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1904 இல். தொடக்க விலை 5 டாலர். காப்புரிமை முடிந்த 1921 இல் பழைய மாதிரி 1 டாலருக்கு இறங்கியது. இலங்கையில் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927 இல் நிறைவேறி, 1929 முதல் உயர்நிலத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம் என்றானது. அன்றைய மாற்று விகிதப்படி 5 டாலர் 13 ரூபாய்க்கு மேல். அதாவது ஏறக்குறைய 25 பேர், கிட்டத்தட்ட ஒரு மாத உழைப்பு. 1 டாலர் ரேசருக்குக்கூட ஐந்து பேர் போகும். பிளேடுச் செலவு தனி. 1924 இல் ரயில் பதுளைக்கு வந்ததும் நகரக் கடைகளில் சரக்குக் கூடியிருக்கும்; ஆனால் அதை வாங்கக்கூடியவர்கள் துரைமாரும் ஆபீஸ் உத்தியோகத்தரும் கடைக்காரரும்தான்.

கருவிகளின் குணத்தையும் கவனிக்க வேண்டும். மடக்குக் கத்தி தோல்வாரில் தீட்டத் தீட்டப் பல ஆண்டு உழைக்கும். ஆனால் கைப்பழக்கம் இல்லாதவரால் அதைத் தொட முடியாது. ரேசரின் காப்பு விளிம்பு பழகாத கையையும் காக்கிறது. இருபுற அலகுள்ள பிளேடின் தடிமன் 0.1 மில்லிமீட்டர்தான், ஆகவே அதை வளைத்து இறுக்க வேண்டும். ஜெம் போன்ற ஒற்றை அலகு ரேசர்களின் பிளேடு அதைவிட இரு மடங்குக்கு மேல் தடிமன், வளையாது, நடுங்காது. ஊவாவில் பரவியது மெல்லிய பிளேடுதான். கரிமஎஃகில் செய்த பழைய பிளேடு ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். ஐப்பசி தொடங்கித் தைவரை வடகீழ்ப் பருவமழை பெய்யும் ஊரில் அது எத்தனை சவரம் தாங்கும்? மழுங்கியதைக் கண்ணாடித் தம்ளரின் உட்சுவரில் விரலால் அழுத்தி முன்னும் பின்னும் தேய்த்து, இன்னும் இரண்டு மூன்று சவரம் எடுப்பார்கள். வில்கின்சன் ஸ்வோர்ட் 1962 இல் துருப்பிடிக்காத எஃகு பிளேடைப் பிரித்தானியச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகே இந்தச் சிக்கல் தீரத் தொடங்கியது.

ரேசர் லயத்துக்குள் பரவலாக நுழைந்த காலத்தை 1930களில் வைப்பதா, 1960களின் பிற்பகுதியில் வைப்பதா? கூலிக் கணக்கு பிந்தியதையே ஆதரிக்கிறது. அதைவிட வலுவான காரணம் 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். இந்திய வம்சாவளியினருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவான பின் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறினார்கள். ஒரு தோட்டத்தில் கொழுந்தெடுப்போர் இருபது வீட்டார் போனாலும் மலை வேலை நின்றுவிடாது. நாவிதர் வீடு ஒன்றோ இரண்டோதான்; அது போனால் தொழிலே போயிற்று. புதியவரை வரவழைக்கும் கங்காணி முறையும் அப்போது இல்லை. இந்த இடைவெளியில்தான் ரேசர் நுழைந்தது என்று கொள்வதே பொருத்தம். இது ஊகமே, ஆண்டைத் துல்லியமாகச் சொல்ல இடமில்லை. ஆனால் ரேசர் வந்து நாவிதரை விரட்டியது என்ற வழக்கமான கதையை இது தலைகீழாக்குகிறது. நாவிதர் போனதால் ரேசர் வந்தது.

ரேசர் எடுத்துக்கொண்டது தாடையை மட்டுமே. நீண்ட தலைமுடியில் அதன் காப்பு விளிம்பு அடைத்துக்கொள்ளும். கருமாதியில் மகனுக்கு மொட்டையடிக்கவும் மாப்பிள்ளைச் சவரத்துக்கும் குழந்தைக்கு முதல் முடி இறக்கவும் கருவிப்பையான அடைப்பத்தோடு நாவிதர் வரவேண்டும். வருவதற்குக் கையில் காசும் வேட்டியும் கொடுக்கவேண்டும். ஜெயராமன் கண்ட சடங்குத் தொடர்ச்சி இந்தப் பகுதிக்குப் பொருந்தும் என்பதை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். ஒரே கையில் இருந்த தொழில் இரண்டாகி, அன்றாடம் வீட்டுக்கும் சடங்கு நாவிதருக்கும் போயின. ஜெயராமன் முழுத் தொழிலையும் ஒன்றாக எடுத்துக்கொண்டதால் இந்தப் பிளவு அவர் பார்வையில் படவில்லை.

அடுத்த மாற்றம் சலூனில் நடந்தது. எச்.ஐ.வி. பற்றிய அச்சம் பரவிய 1980களின் இறுதிக்குப் பின் ஒரே கத்தியால் பலருக்குச் சவரம் செய்யும் வழக்கம் தளர்ந்தது. பிளேடை உறையோடு நீளவாக்கில் ஒடித்து, பாதியைப் பிடியில் செருகி, வாடிக்கையாளர் கண்முன்னே மாற்றுவது முறையாயிற்று. வீட்டுக்காக உண்டான பிளேடு நாவிதர் கைக்குத் திரும்பியது. சம்பளத் துண்டின் கழிவாக அல்ல, நாற்காலியில் உட்கார்ந்தவர் நேரே கொடுக்கும் காசுக்காக. தோட்டத்து நாவிதரின் பிள்ளைகள் பதுளையிலோ பண்டாரவளையிலோ கடை போட்டபோது, தொழில் பழையதாயினும் ஏற்பாடு மூன்றாவது முறையாகப் புதிதாகியிருந்தது.

இவ்வாதத்தைச் சரிபார்க்கவோ முறியடிக்கவோ வல்ல சான்று செக்ரோல் ஏடுகளே. பாபர் வரி எந்த ஆண்டில் தொடங்குகிறது, எந்தத் தோட்டத்தில் எப்போது நிற்கிறது என்று தொகுத்தால் தேதிச் சிக்கல் பெருமளவு தீரும். 1970களின் தேசியமயத்திலும் 1992 இல் தனியார் நிர்வாகத்துக்கு மாறியபோதும் தோட்ட ஆபீசுகள் கைமாறின; அப்போது ஏடுகள் பல சிதறியிருக்கலாம். பழைய செக்ரோலோ தாத்தா காலத்துச் சம்பளத் துண்டோ வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கி எறியாமல், பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்துக்கோ தேசிய சுவடிக்கூடத்துக்கோ ஒரு நகலாவது கொடுத்து உதவவேண்டும்.